மாடிப்படி முடிவு செய்த பாடம்

(யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் சுகாதார வார நிகழ்வில் பேசியது. சிலர் எழுதித் தரச் சொன்னதால் அப்படியே போடுகிறேன், ஒலிவாங்கி நின்றுபோன இடங்களைத் தவிர.)

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, உப அதிபர் அவர்களே, எவ்வளவோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கிற வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, கனடாவிலிருந்து லீவில் வந்து முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்கிற பழைய மாணவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, இந்தப் பந்தல் யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களாக இருந்தும் எப்போதும் கடைசியாகவே அழைக்கப்படுகிற மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். பணிப்பாளர் அவர்கள் வந்தது எனக்கு இரட்டிப்புச் சந்தோசம், ஏன் என்று போகப்போக அவருக்கே விளங்கும். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெக்கையில் அது மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை, அடுத்த முறை அந்தக் காசுக்குச் சவர்க்காரம் வாங்கிக் கைகழுவும் இடத்தில் வைத்தால் பரிசோதகர் ஐயாவும் சந்தோசப்படுவார்.

எனக்குத் தந்த தலைப்பு மாணவரின் நல்ல பழக்கங்களும் இலக்குகளும். சாப்பாடு, நித்திரை, விளையாட்டு, இலக்கு என்று நான்கு விசயம் குறித்து வந்திருக்கிறேன். அதற்கு முதல் ஒரு பழமொழி. பாருங்கள், என்னிடம் உடற்கல்வி படித்தவர்கள் இப்பவே சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரே நாளில் யாரும் ஆரோக்கியசாலியாவதில்லை, ஒரே இரவில் படித்து யாரும் உயர்தரம் பாஸ் பண்ணுவதுமில்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் இருக்கிற வீட்டிலிருந்து பிள்ளை ஒரு பிளேன்ரீயும் இரண்டு கிறீம் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிறது, இடைவேளையில் கன்ரீனில் ஒரு றோல்ஸ், அதற்கு மேல் ஒரு சோடா. 2016 இலிருந்து இந்த நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது, யாராவது பார்க்கிறீர்களா? சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் தேக்கரண்டிக் கணக்கில் பத்துக்கு மேல் உள்ளே போய்விட்டது. வீட்டில் தேத்தண்ணிக்கு அவ்வளவு சீனி கேட்டால் அம்மா தருவாவா?

நித்திரை. 14 வயதிலிருந்து 17 வரைக்கும் 8 முதல் 10 மணித்தியாலம் தேவை என்கிறார்கள். விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன் என்றால் அந்த எட்டு மணித்தியாலத்துக்கு எங்கே போவது? இதைப் பற்றி நிறையப் பேச இருக்கிறது, பிறகு வருகிறேன்.

விளையாட்டு என் பாடம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று இருக்கிறது. அதே வழிகாட்டல் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான் என்று தனியாக எடுத்துச் சொல்கிறது. எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்கிறது? எல்லாரும் மைதானத்துக்குப் போவார்கள், கால் ஏலாத பிள்ளைக்கு மற்றவர்களின் செருப்புக்கும் புத்தகப்பைக்கும் காவல் இருக்கிற வேலை. சேலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்து வயதில் பஸ் மேலே ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவை இப்படிப் பை காவலுக்கு இருத்தியிருந்தால், 2016 இல் ரியோ பராலிம்பிக்கில் உயரம் பாய்தலில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்திருப்பாரா?

சரி, இப்போது ஒரு கதை. ஒரு பாடசாலை, பெயர் சொல்லமாட்டேன், வலிகாமத்தில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சக்கர நாற்காலியில் ஒரு தம்பி படித்தான். காலையில் ஓட்டோவில் அம்மம்மா கொண்டுவந்து விடுவா, விட்டுவிட்டுப் போகமாட்டா, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டு இருந்துவிடுவா, ஆசிரியர்கள் யார் பிந்தி வருகிறார்கள் என்ற கணக்கு அதிபரை விட அவவிடம்தான் சரியாக இருக்கும். நான் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும், இடைவேளைக்கு முன் முடிக்க வேண்டும். நல்ல பழக்கம்தானே. ஒரு வாரம் கழித்துப் போத்தல்களைப் பார்த்தால் எல்லாம் வெறும் போத்தல், தம்பியின் போத்தல் மட்டும் கழுத்து வரைக்கும் நிறைந்தபடி. ஏன் தம்பி என்றேன். "குடிச்சாப் போகவேணுமே சேர்" என்றான்.

போய்ப் பார்த்தேன். மலசலகூடம் கட்டடத்துக்குப் பின்னால், மூன்று படி ஏற வேண்டும், கதவு அவனுடைய நாற்காலியை விட ஒடுக்கம். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் இல்லை, வீட்டில் தேத்தண்ணி கூடக் குடிக்காமல்தான் வெளிக்கிடுவானாம். பின்னேரம் தலையிடி என்று படுத்துவிடுவானாம். அம்மம்மா அதைக் கண்ணூறு என்று நினைத்துச் செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறா!

அதற்குப் பிறகு ஒரு நல்ல மனுசர் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினார், சாய்வுப்பாதை கட்டியாயிற்று, றிபன் வெட்டியாயிற்று, படமும் எடுத்தாயிற்று. பாதை ஐந்தடி நீளம். பெயர்ப்பலகை அதைவிடக் கொஞ்சம்தான் சின்னன். அம்மம்மா எழும்பி வந்து ஒரு பார்வை பார்த்தா. "ஏத்திறதுக்கு நாலு பேர் வேணும், இறக்கினா பிள்ளை நேரே வேலியிலைதான் போய் நிப்பான்" என்றா. விழாவுக்கு வந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு மேசன் அண்ணர். அவர் அளவுநாடாவோடு வந்து கணக்குச் சொன்னார்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி ஒன்றரை அடி, அப்படியென்றால் பதினெட்டு அடி. கட்டியிருந்தது ஐந்து. அதை உடைத்து, சுவரோரமாகத் திருப்பி, நடுவில் ஒரு தட்டும் விட்டு, கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற அகலக் கதவு போட்டு, உள்ளே பிடித்து எழும்பக் குழாய் பூட்டித் தந்தார். சீமெந்து பழைய மாணவர்கள், கூலி வேண்டாம் என்றார், அம்மம்மா ஒரு வாழைக்குலை கொடுத்தா. அடுத்த கிழமை தம்பியின் போத்தல் இடைவேளைக்கு முன்னமே காலி. அதே பாதையைக் கால் சுளுக்கிய பிள்ளையும் பாவித்தது, முழங்கால் நோ உள்ள சங்கீத ரீச்சரும் பாவித்தா.

கதை முடியவில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்தது, நல்ல பெறுபேறு. தம்பிக்கு வர்த்தகப் பிரிவு படிக்க ஆசை. வர்த்தக வகுப்பு மேல்மாடியில், கலை வகுப்பு கீழே. "கலையை எடு தம்பி, உனக்கு அதுதான் வசதி" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இலக்கு இலக்கு என்று நாங்கள் மேடை போட்டுப் பேசுகிறோம், அந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று மாடிப்படி முடிவு செய்கிறது! மின்தூக்கி போட நிதி இல்லை, புதுக்கட்டடத்துக்கும் நிதி இல்லை என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம். நானும் கடிதத்துக்கு மேல் கடிதம், அடிமேல் அடி. கடைசியில் வழி சொன்னதும் அவன்தான்: "கட்டடம் வேண்டாம் சேர், மேசை கதிரையை மாத்தினாக் காணும்." எட்டாம் வகுப்பை மேலே ஏற்றி வர்த்தகத்தைக் கீழே இறக்கினோம், ஒரு சனிக்கிழமை காலை வேலை. இப்போது அவன் ஊர்க் கடைக்காரர் பாதிப் பேருக்குக் கணக்கு எழுதுகிறான், என் கணக்கையும் அவன்தான் பார்க்கிறான், காசு வாங்கமாட்டான், அதுதான் பிரச்சினை.

இது இரக்கப்பட்டுச் செய்கிற காரியமில்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன, அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1987 இலேயே இங்கே ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக்கால் வேலையைத் தொடங்கிவிட்டது. வலுவிழந்த பிள்ளைகளுக்கென்றே நடக்கிற கைதடி நவீல்ட் பாடசாலை, கோண்டாவில் சிவபூமி, சுன்னாகம் வாழ்வகம் எல்லாம் எங்கள் ஊரில்தான் இருக்கின்றன. வாழ்வகத்தில் தங்கிச் சாதாரண பாடசாலைகளில் படித்துப் பல்கலைக்கழகம் போன விழிப்புலன் இழந்த பிள்ளைகளை உங்களில் எத்தனையோ பேருக்குத் தெரியும். அவர்களுக்கு மூளையிலும் முயற்சியிலும் குறை இருந்ததில்லை, குறை எங்கள் கட்டடத்தில்.

தண்ணீர் விசயம் சக்கர நாற்காலிப் பிள்ளையோடு நிற்பதுமில்லை. பூட்டு உடைந்த கதவுக்கும் தண்ணீர் வராத குழாய்க்கும் பயந்து எங்கள் பெரிய பிள்ளைகள் எத்தனை பேர் நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று தாய்மாரைக் கேளுங்கள்.

முன்வரிசையில் இருக்கிற பழைய மாணவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். தயவுசெய்து இனி நுழைவாயில் வளைவு கட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தில் வளைவுக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூடத்துக்குள்ளே போய்வர வழிதான் இல்லை. வளைவின் காசில் ஒரு ஒழுங்கான மலசலகூடம் கட்டுங்கள், உங்கள் பெயரையும் பெரிதாகவே எழுதுங்கள், நான் கோபிக்கமாட்டேன். கதவு குறைந்தது 80 சென்ரிமீற்றர் அகலம், உள்ளே நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீற்றர் இடம், பிடிகம்பி, ஒன்றுக்குப் பன்னிரண்டு சாய்வு. எழுதிக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நித்திரைக்கு வருகிறேன் என்றேன், கைபேசி பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், இன்னொரு நாளைக்குக் கூப்பிடுங்கள்.

பணிப்பாளர் அவர்களே, உங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது. இந்த வலயத்தில் எந்தப் பாடசாலையில் சாய்வுப்பாதை இருக்கிறது, எதில் சக்கர நாற்காலி போகிற மலசலகூடம் இருக்கிறது, எந்தப் பாடம் மாடியில் மட்டும் நடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இந்தத் தவணை முடிவதற்குள். காசு கேட்கவில்லை, பட்டியல் மட்டும்தான், அம்மி நகர அது போதும். பெற்றோரே, அதன் பிரதி வாசலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறேன், கையொப்பம் போட்டுவிட்டு வடையை எடுங்கள். நடனத்துக்கு உடுத்துக்கொண்டு பிள்ளைகள் கனநேரமாக நிற்கிறார்கள். வணக்கம்.