பிள்ளைக்குப் பாஸ்போர்ட் உண்டு, தாய்க்கு வீசா இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

அட்டன் டவுனில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பதும், ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். வெளிநாட்டில் அக்கா, தம்பி, மாமா என்று யாராவது ஒருவர் இருக்கும் குடும்பங்கள் நம் மலையகத்திலும் கூடிவிட்டன. அதனால் வீசா சம்பந்தமான கேள்விகளும் நிறைய வருகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அமெரிக்காவுக்குப் போய்ப் பிள்ளை பெற்று, தவணை முடியும் முன்பே ஊர் திரும்பிவிட்டவர்களுக்கு, அடுத்த முறை கேட்கும்போது சுற்றுலா வீசா மறுக்கப்படுவதுண்டு. இது ஏன்?

என்னிடம் வந்த ஒரு டீச்சரின் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்து, படித்து ஆளானவர். இரண்டு முறை கரு கலைந்தவர் என்பதால், மூன்றாவது முறை அங்கிருக்கும் அக்கா, “நீ இங்கே வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூப்பிட்டிருக்கிறார். ஏற்கெனவே வாங்கிய வீசா கையில் இருந்தது. போனார், ஆண் குழந்தை பிறந்தது, கொடுத்த ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தார். சில வருடங்கள் கழித்து அக்கா மகளின் கலியாணத்துக்குப் போக மறுபடி விண்ணப்பித்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட், “பிள்ளை விசயத்தை நீங்களாக எடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் காலையில் தூதரகத்தில் நின்றிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, போன முறை எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். அக்காவைப் பார்க்க என்றார் டீச்சர். அங்கே பிள்ளை பிறந்ததா? ஆம். ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டியது? அத்தான். எவ்வளவு? தெரியாது. அவ்வளவுதான், கடவுச்சீட்டையும் ஒரு துண்டுக் கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் துண்டை என் மேசையில் வைத்து, “ஐயா, நான் என்ன களவா செய்தேன்?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

இல்லை, அவர் களவு செய்யவில்லை. சுற்றுலா வீசாவில் போன பெண் அங்கே பிள்ளை பெறுவதை மட்டும் வைத்து அமெரிக்கச் சட்டம் அதைக் குற்றம் என்று சொல்வதில்லை. அந்தத் துண்டில் இருந்தது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214 (பி) என்ற பிரிவு. சுற்றுலா வீசா கேட்கும் எவரும் அங்கேயே தங்கிவிட நினைக்கிறார் என்று அந்தப் பிரிவு முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அதற்கு மேன்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். டீச்சர் கட்டியது 185 டொலர். அது திரும்பக் கிடைக்காது. ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2020 ஜனவரி 24 முதல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்பதே பயணத்தின் முக்கிய நோக்கம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் சுற்றுலா வீசாவை மறுக்கலாம். அந்தப் பயணத்தில் பிரசவம் நடக்கும் என்று தெரிந்தால், நோக்கம் அதுதான் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். வேறு காரணம் இருந்தால் அதை நாம்தான் காட்ட வேண்டும். வைத்தியத்துக்காகப் போகிறவர், செலவுக்குப் பணம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

சரி, இது இனிமேல் பிரசவத்துக்குப் போகப்போகிறவருக்கு. ஏற்கெனவே போய் வந்தவரை ஏன் பிடிக்கிறார்கள்? அன்றைக்குச் சொன்ன காரணமும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பணம் முழுதும் கட்டப்பட்டதா, அந்த நாட்டு அரசாங்கத்தின் காசில் பிரசவம் நடந்ததா என்றும் பார்க்கிறார்கள். என் கணிப்பில் டீச்சருக்கு அடி விழுந்தது அந்த “தெரியாது” என்ற பதிலில்தான். அத்தான் அத்தனை காசையும் கட்டியிருந்தார், பில்லும் அக்கா வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. கரு கலைந்ததற்கான நம் ஆஸ்பத்திரிக் கடிதங்கள் டீச்சரின் வீட்டிலேயே இருந்தன. இரண்டில் ஒன்றைக்கூட அவர் கொண்டுபோகவில்லை. ஏஜென்ட் கேட்கவும் இல்லை.

மறைக்கச் சொல்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. வீசா மறுக்கப்பட்டவர் நாளைக்குத் திரும்பக் கேட்கலாம். முக்கியமான விசயத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டவருக்கோ வாழ்நாள் தடையே வரலாம். தூண்டிவிட்ட ஏஜென்ட் அல்ல, கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டிக்கொள்வார்.

பிள்ளைக்கு வெளிநாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று ஏன் இந்த ஆசை எனச் சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். நம் சரித்திரம் தெரியாமல் கேட்கிறார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிகளிடம் என்ன கேட்டது? தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் யார் எழுதி வைத்தார்கள்? 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதினார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு முடிவு காணச் சட்டம் வந்தது 2003இல். அப்படிப்பட்ட ஒரு சனத்தில் பிறந்த தாய், தன் பிள்ளையின் கையில் யாரும் பறிக்க முடியாத ஒரு பத்திரம் இருக்க வேண்டும் என்று நினைப்பதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பத்திரத்தால் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பிள்ளை அங்கே பிறந்துவிட்டால் பெற்றோருக்கும் வழி திறந்துவிடும் என்று எத்தனையோ பேர் நம்புகிறார்கள். பிள்ளைக்கு 21 வயது ஆகும் வரை பெற்றோருக்காக விண்ணப்பிக்கவே முடியாது. அதுவரை தாயும் தகப்பனும் வெறும் விருந்தாளிகள்தான். பிள்ளை அமெரிக்கக் கடவுச்சீட்டில் உள்ளே போகலாம், ஆனால் கூட்டிக்கொண்டு போகும் தாய்க்குத் தனியாக வீசா வேண்டும். அதோடு, மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்பது 1868 முதல் அந்த நாட்டு அரசியலமைப்பில் இருந்தாலும், தற்காலிக வீசாவில் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு, தகப்பனும் அந்த நாட்டுக் குடிமகனோ நிரந்தர வதிவுரிமை உள்ளவரோ இல்லையென்றால், அதை மறுக்கும் உத்தரவு ஒன்றில் ஜனாதிபதி டிரம்ப் 2025 ஜனவரியில் கையெழுத்திட்டார். அது நீதிமன்றப் படியேறியது. போக நினைப்பவர்கள் அன்றைய நிலையை விசாரிக்காமல் டிக்கெட் போடக்கூடாது.

லண்டனுக்குப் போய்ப் பெற்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பிரித்தானியாவில் பிறந்ததற்காக மட்டும் குடியுரிமை தருவது 1983உடன் நின்றுவிட்டது, அவுஸ்திரேலியாவில் 1986உடன். இந்தியாவில் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

டீச்சர் இன்னும் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கோப்புத் தயார் செய்கிறோம். அக்கா அனுப்பிய ஆஸ்பத்திரிப் பில்லும் காசு கட்டிய ரசீதும், கொழும்பில் வந்திறங்கியபோது குத்திய முத்திரை, இங்குள்ள வைத்தியக் கடிதங்கள், பாடசாலையில் லீவு எடுத்து மறுபடி கடமைக்குத் திரும்பிய கடிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. போன முறை பிள்ளை பெறத்தான் போனேன் என்று முதல் கேள்விக்கே சொல்லிவிடும்படி சொல்லியிருக்கிறேன். வீசா கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் கோப்பைத் தயார் செய்யும்போதுதான் இன்னொன்று தெரியவந்தது. பையனை இலங்கைப் பிரஜையாகப் பதிவு செய்யவே இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் நம் தூதரகத்திலோ இங்கேயோ பதிய வேண்டும். பிந்தினால் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டும். பதியாவிட்டால் அவன் நம் வீட்டிலேயே வெளிநாட்டுக்காரன், இங்கே இருக்கவே வீசா வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோரின் கடவுச்சீட்டுகளையும் கலியாணப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போங்கள். வேறு என்ன பத்திரங்கள் வேண்டும் என்று போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது.

வணக்கம்.