திறப்பைத் திருப்பியதும் எரியவேண்டிய விளக்கு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். திருகோணமலையில் பழைய கார்களின் வயரிங் வேலையில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு அதைவிடப் பயம் தருவது, எரியவேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு.

நாளைக் காலை காரில் ஏறியதும் திறப்பை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள். ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சார்ஜ் விளக்கும் ஒயில் விளக்கும் எரியவேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் பிரேக் விளக்கும் எரியவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சார்ஜும் ஒயிலும் அணையவேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கும், அல்லது யாரோ கழற்றியிருப்பார்கள். விற்பதற்கு முன் ஒயில் விளக்கின் பல்பைக் கழற்றிவிட்ட கார்களை நானே திறந்து பார்த்திருக்கிறேன். வாங்கியவர் பிள்ளைகுட்டிகளோடு அதில் கொழும்புக்குப் போகப்போகிறார் என்று கழற்றியவர் ஒரு நிமிடம் நினைத்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டார்.

சார்ஜ் விளக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் கருவிதான் ஒல்டனேற்றர். பழைய ஒல்டனேற்றர்கள் பலவற்றில், அந்தச் சின்ன பல்பின் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஒல்டனேற்றரை முதலில் எழுப்பிவிடுகிறது. பல்ப் போனால் ஒல்டனேற்றர் நன்றாக இருந்தாலும் சார்ஜ் பண்ணாமல் இருக்கும். ஒரு பல்பின் விலையில் முடியவேண்டிய வேலைக்கு ஒல்டனேற்றரின் விலையைக் கொடுத்தவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள்.

இந்த விளக்கு எப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு குளங்களுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளம், திறப்பின் வழியாக வரும் பற்றரி மின்சாரம். மற்றது ஒல்டனேற்றர். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடாது, விளக்கு எரியாது. எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் ஓடும், விளக்கு எரியும். ஒல்டனேற்றர் பக்கம்தான் தாழவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு ஆசிரியர் பழைய லான்சர் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரவில் ஹெட்லைற் போட்டால் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. வேறு இடத்தில் இரண்டு தடவை ஒல்டனேற்றர் மாற்றியாயிற்று. மீற்றரைப் பிடித்தேன். ஒல்டனேற்றரில் 14.2 வோல்ற், பற்றரியில் 14 வோல்ற். குறையே இல்லை. ஆனால் விளக்குக்குப் போகும் பியூஸின் மறுபக்கத்தில் 12.8தான் வந்தது. பியூஸைக் கழற்றினால் அதைப் பிடிக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்து இறுக்கினேன், விளக்கு அணைந்தது. அந்த ஆசிரியர் இரண்டு மாதச் சம்பளத்தை அதற்குள் செலவழித்திருந்தார். நான் கூலி கேட்கவில்லை, எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் களிம்பு நம் ஊரின் கொடை. உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கம் இரவில் காரை வெளியில் விட்டால் காலையில் கண்ணாடியில் விரல் வைத்து நாக்கில் பாருங்கள், உப்புக் கரிக்கும். அதே உப்பு எர்த் வயர்களின், அதாவது பற்றரியின் ஒரு முனையைக் காரின் உடம்போடும் எஞ்சினோடும் இணைக்கும் வயர்களின், அடியிலும் போகிறது. ஹெட்லைற் போட்டதும் வெப்பமானியின் முள் மேலே ஏறுகிறதா? பிரேக் அழுத்தும்போது பின்பக்கத்தில் வேறு விளக்கு மினுங்குகிறதா? அப்படியென்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பற்றரியின் நெகட்டிவ் முனையில் மீற்றரின் ஒரு கம்பியையும் எஞ்சினின் இரும்பில் மற்றக் கம்பியையும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் வயர் சரியில்லை. அந்த வயரைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்ற்றையும் துருவையும் சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். மாரி தொடங்குவதற்கு முன், ஐப்பசிக்குள், இதைச் செய்துவிடுவது நல்லது. மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம்: அந்தக் காலத்து மைனர்களில் பொசிற்றிவ்தான் எர்த். பற்றரி மாற்றும்போது மறந்துவிடாதீர்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் மறுபடி வர 2025 ஆகிவிட்டது. அதனால் முப்பது வயதுக் கார்கள் இன்றும் நம் வீடுகளைச் சுமக்கின்றன. அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்து ரொயோட்டாக்கள் பலவற்றில் கம்பியூட்டர் இல்லாமலே குறையைப் படிக்கலாம். பொனற்றுக்குள் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் டீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு துவாரங்களை ஒரு துண்டு வயரால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும். இரண்டு, இடைவெளி, இரண்டு என்றால் 22. அது தண்ணீர் வெப்ப சென்சரின் பாதை. ஆனால் அதில் வயரும் கனெக்டரும் அடங்கும், சென்சரை மாற்றுமுன் அவற்றைப் பாருங்கள்.

ஒயில் விளக்கில் மட்டும் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஓடும்போது எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஒயில் அளவு பாருங்கள். சென்சர் பிழை என்று யாராவது சொன்னால், ஒயில் அழுத்தமானி பூட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டும் மினுங்கினால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கும். ஊற்றி அணைத்துவிடாமல் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

சார்ஜும் பிரேக்கும் ஒன்றாக எரிந்தால் பயந்து பிரேக்கைக் கழற்றவேண்டாம். அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பலவற்றில் அது ஒல்டனேற்றர் சொல்லும் செய்திதான்.

கடைசியாக, ஹபரணையிலிருந்து இரவில் வருகிறீர்கள், கந்தளாய்க்கு முன் காட்டில் சார்ஜ் விளக்கு எரிகிறது. யானை நிற்கும் வீதி, இறங்க மனம் வராது. வெப்பமானியைப் பாருங்கள். முள் ஏறினால் பெல்ற் அறுந்திருக்கலாம். பல கார்களில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற்றில்தான் ஓடுகிறது. முள் சிவப்பைத் தொடுமுன் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். முள் ஏறாவிட்டால் ஏசியையும் ரேடியோவையும் அணையுங்கள், ஹெட்லைற் இருக்கட்டும். எஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். நல்ல பற்றரி என்றால் கந்தளாய் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.