நம்பித்தானே இருக்கிறம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். நான் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்த புதிதில், "பிள்ளை, என்னத்தை ஆராயிறாய்?" என்று ஒருநாள் கேட்டார். வேலை செய்யிற இடத்தில ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பீனமோ, நம்பினா என்ன நடக்குது, நம்பாட்டி என்ன நடக்குது, அதுதான் ஆச்சி என்றேன். கொஞ்சம் யோசித்தார். "ஒருத்தரும் நம்பிறேல்லை. அப்பிடியே எழுதிக் குடுத்திட்டு வேற அலுவலைப் பார்" என்றார். அந்த ஆய்வை எழுதி முடிக்க எனக்கு அதன்பிறகு ஆறு வருடம் பிடித்தது.

இந்தத் துறைக்கு நான் வந்ததற்குப் பாடப்புத்தகம் காரணமில்லை. என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சங்கக்கடையில் இருப்பெடுக்க வருகிற நாள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அன்று அப்பா காலையில் சாப்பிடமாட்டார். சீனி மூடையில் ஈரம் காய்ந்து நிறை குறைந்தாலும் கணக்குக் கணக்குத்தான். குறைவு வந்தால் மனேச்சர் பொறுப்பு. ஆனாலும் இருப்பெடுக்க வந்தவர்களை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை, தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவார். ஒருமுறை சங்கத்து ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அப்பாவின் சைக்கிளில் தொங்கிய பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டார். உள்ளே அம்மா கட்டிக் கொடுத்த புட்டு இருந்தது. அப்பா அதை அன்று சாப்பிடாமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். வருடாவருடம் மூடை மூடையாக நிறுத்துப் பார்ப்பவர்கள்மேல் வராத கோபம் ஒரு பையை அவிழ்த்தவர்மேல் ஏன் வந்தது? இந்தக் கேள்விதான் பின்னாளில் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது என்று சொல்லலாம்.

1995 ஒக்டோபர் 30. போர் நெருங்கி, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. மழை. அப்பா கடையைப் பூட்டி, சாவிக்கொத்தையும் கணக்குக் கொப்பியையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கடைக்குக் கதவே இல்லை. அப்பா அந்தச் சாவியைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதே 1995இல்தான் அமெரிக்காவில் மேயர், டேவிஸ், ஷோர்மன் என்ற மூவர் நிறுவனங்களில் நம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் துறையில் அதைத் தொடாமல் ஒருவரும் ஆய்வு எழுதுவதில்லை. என் கைக்கு அது வந்தது போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து, கொழும்புக்கு முதுமாணி படிக்கப் போனபிறகுதான். போட்டோப் பிரதிக்கு எடுத்த போட்டோப் பிரதி, ஓரத்து எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அவர்கள் சொல்வது இதுதான்: நீ செய்வதால் எனக்கு நட்டம் வரலாம், உன்னைக் கண்காணிக்க என்னால் முடியாமலும் போகலாம், அப்படியிருந்தும் நான் அதற்குச் சம்மதித்து நிற்கிறேன் என்றால் அது நம்பிக்கை. ஒருவரை அப்படி நம்ப மூன்று விடயம் பார்க்கிறோமாம்: அவருடைய திறமை, நேர்மை, அப்புறம் எங்கள்மேல் அவருக்குள்ள நல்லெண்ணம். எங்கள் ஊர் அலுவலகங்களில் நான் கேட்டவரையில் முதல் இரண்டிலும் பெரிய முறைப்பாடு இல்லை. "ஐயாவுக்கு எல்லாம் தெரியும், ஒரு சதம் தொடமாட்டார்" என்பார்கள். பிறகு குரல் இறங்கும். "ஆனா எங்களுக்கு ஒண்டெண்டா அவர் நிக்கமாட்டார்."

சரி, என் முதல் ஆய்வின் கதைக்கு வருகிறேன். இது பெருமைப்படுகிற கதை இல்லை.

ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வினாக்கொத்துகளை அச்சடித்து முகாமையாளரிடம் கொடுத்தேன். 1932இல் லிக்கேர்ட் என்பவர் கொண்டுவந்த அதே முறை: ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள், ஏதாவது ஒரு கட்டத்தில் புள்ளடி போட வேண்டும், ஐந்து என்றால் முழுச் சம்மதம். ஒரு கிழமையில் முகாமையாளரே எல்லாவற்றையும் சேர்த்து, அடுக்கி, றப்பர் பாண்ட் போட்டுத் தந்தார். பார்த்தால் எல்லாம் ஐந்து, தப்பினால் நான்கு. மேலதிகாரிமேல் இவ்வளவு நம்பிக்கை உலகத்திலேயே வேறெங்கும் இல்லை என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஆட்கள் வாசித்துத்தான் போடுகிறார்களா என்று பார்க்க நாங்கள் நடுவில் ஒரு மறுதலைக் கூற்றை வைப்போம், மேலதிகாரியை நம்புகிறவர் அதற்கு ஒன்றுதான் போட வேண்டும். 'எனது மேலதிகாரிமேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்' என்பது அது. அதற்கும் ஐந்து!

நன்றி சொல்லப் போன அன்று, அங்கே தேத்தண்ணி போடுகிற அக்கா வாசல்வரை வந்தார். "மிஸ், அந்தக் கடுதாசியெல்லாம் ஐயாவின்ரை மேசையிலதான் கிடந்தது. ஒண்டொண்டா வாசிச்சிட்டுத்தான் கட்டி வைச்சவர்."

பிழை என்னுடையது. நம்பிக்கையை அளக்கப் போன நான், என்னை ஏன் அவர்கள் நம்ப வேண்டும் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. அந்தக் கட்டை அப்படியே தூக்கிப் போட்டேன். அடுத்த இடத்தில் ஒட்டக்கூடிய கடித உறை கொடுத்தேன், மூடியில் வெட்டுப் போட்ட ஒரு பிஸ்கட் பேணியை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதும் ஒரு பிள்ளை வந்து மெதுவாகக் கேட்டது: "மிஸ், எல்லாருக்கும் ஒரே நிறப் பேனை தாறீங்களோ?" அன்றிலிருந்து இன்றுவரை நீலப் பேனைப் பெட்டி ஒன்று என் பையில் இருக்கிறது.

இன்னொரு வில்லங்கம் சொல்லில் இருந்தது. ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கி, அதை வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். 'நான் எனது மேற்பார்வையாளரை நம்புகிறேன்' என்ற வரி போய்த் திரும்பி வந்தது, ஒரு கீறல் இல்லை. களத்தில் ஒரு தையல் அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "அவரை நம்பித்தானே மிஸ் இருக்கிறம். அவர் சம்பளம் தராட்டி அடுப்பு எரியாது." பாருங்கள், தமிழில் 'நம்பி இருத்தல்' என்றால் வேறு போக்கிடம் இல்லாமல் ஒருவரைச் சார்ந்திருப்பதும்தான். கடவுள் நம்பிக்கையும் நம்பிக்கைதான், நாளைக்கு மழை வரும் என்பதும் நம்பிக்கைதான். அந்த அக்கா ஐந்தில் புள்ளடி போட்டார். உண்மையைத்தான் போட்டார், நான் கேட்க நினைத்ததற்கு மட்டும் அது பதில் இல்லை.

அந்த வரியை வெட்டிவிட்டு, 'வேலையில் நான் ஒரு பிழை விட்டால் அதை முதலில் இவரிடமே சொல்லுவேன்' என்று மாற்றினேன். இதற்கு ஐந்து போட ஆட்கள் யோசித்தார்கள், பேனையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

பிழையைச் சொல்வது என்றதும் எமி எட்மன்சனின் ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. 1990களில் அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஆஸ்பத்திரி விடுதிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள விடுதியில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்குத் தலைகீழாக வந்தது, நல்ல விடுதிகளில்தான் பிழைகள் கூட! பிறகு விளங்கியது: அங்கே பிழை வெளியே வந்தது, மற்ற இடங்களில் மறைக்கப்பட்டது. எங்கள் கந்தோர்களில் 'ஒரு முறைப்பாடும் இல்லை' என்று பெருமையாக அறிக்கை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

இனி அப்பாவின் பைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து நகைப் பட்டறை ஒன்றில் சில நாட்கள் இருந்து பார்த்தேன். பத்தரிடம் பொன்னை நிறுத்துக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் நிறுத்து வாங்குவார்கள், சேதாரம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேச்சு. நாற்பது வருடம் கூட இருந்தவருக்கும் தராசு, நேற்று வந்த பெடியனுக்கும் தராசு. யாருக்கும் முகம் வாடுவதில்லை. முதலாளியே எடுத்தாலும் கொப்பியில் எழுதுகிறார். ஒரு புடைவைக் கடையில் வேறு கதை. இரவு கடை பூட்டும்போது விற்பனைப் பிள்ளைகள் வரிசையாகப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். காசுப் பட்டறையில் காசு வாங்க இருக்கும் முதலாளியின் மருமகன் மட்டும் பையோடு நேரே போவார். சோதனை இரண்டு இடத்திலும் உண்டு, ஆனால் முதலாவது பொன்னைப் பார்த்தது, இரண்டாவது ஆளைப் பார்த்தது. அப்பாவுக்கு இந்த வித்தியாசம் புட்டுப் பையில் விளங்கியிருக்கிறது.

களவைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜெரால்ட் கிறீன்பேர்க் என்பவர் 1990இல் வெளியிட்டது. தொழிற்சாலைகளில் பத்துக் கிழமைக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து வெட்டினார்கள். ஒரு தொழிற்சாலையில் மேலிடத்து ஆள் வந்து, ஏன் வெட்டுகிறோம் என்று விளக்கமாகச் சொல்லி, வருத்தமும் தெரிவித்து, கேள்விகளுக்கு இருந்து பதில் சொன்னார். இன்னொன்றில் இரண்டு வார்த்தையில் அறிவித்துவிட்டுப் போனார்கள். வெட்டு ஒரே அளவுதான். பொருட்கள் காணாமல் போனது இரண்டாவது இடத்தில்தான் மிகக் கூட. இதைக் கடைக்காரர் ஒருவரிடம் சொன்னபோது, "அப்ப கமரா பூட்டத் தேவையில்லை எண்டிறியளோ?" என்றார். பூட்டுங்கோ, காசுப் பட்டறைக்கு மேலேயும் ஒன்று பூட்டுங்கோ என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு சின்ன விடயம், சட்டத்தைப் பற்றி. எங்கள் நாட்டில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஒரு நிதியத்தின் தமிழ்ப் பெயர் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு ஊழியர் ஒரு சதமும் கொடுப்பதில்லை, 3 வீதமும் முதலாளியுடையது. நம்பிக்கை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பொறுப்பு என்று எழுதி, அதை யார் தலையில் வைத்தார்கள் என்று பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பாளரை ஒருநாள் சந்திக்க ஆசை.

போன வருடம் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். தகப்பனின் இரும்புக் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். விரல் அடையாள இயந்திரம் வாங்கப் போகிறேன் மிஸ், எது நல்லது என்று கேட்டான். இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி, நீயும் விரல் வைப்பாயோ என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு ஒருநாள் ஆணி வாங்க அந்தப் பக்கம் போனேன். இயந்திரம் வாசலில் பூட்டியிருந்தது. சாமான் கட்டித் தந்த பிள்ளையிடம், முதலாளியும் விரல் வைக்கிறவரோ என்று கேட்டேன். "ஓம் மிஸ், எட்டு மணிக்கு" என்றது. பிறகு உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு, "சிலநேரம் எட்டேகாலும் ஆகும். எட்டேகால் எண்டுதான் விழும்" என்றது.

வணக்கம்.