நம் திருவிழாவுக்கு வருகிற மற்றவர்கள்

(பங்குத் திருவிழாவுக்கு முன்னால் தொண்டர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, தோளில் பட்டை கட்டிக்கொண்டு திருவிழா முடியும்வரை வெயிலில் நிற்கப் போகிற தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பந்தலுக்கு ஒரு குழு, தேர் ஜோடனைக்கு ஒரு குழு, அன்னதானத்துக்கு ஒரு குழு என்று எல்லாம் போட்டாயிற்று. ஆனால் நம் திருவிழாவுக்குக் கிறிஸ்தவர் அல்லாத மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, அவர்களோடு நாம் எப்படிப் பழகப் போகிறோம் என்பதை யாரும் பேசவில்லை. போன கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் எழுந்து கேட்டார். "அவங்களுக்கு விசுவாசம் கிடையாது. வேண்டுதல்னு வர்றாங்க, மொட்டை போடுறாங்க, போயிடுறாங்க. இதை வழிபாடுன்னு எப்படிச் சொல்றது?" கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. தன் விசுவாசத்தின் மேல் அக்கறை உள்ள மனுஷன் கேட்ட கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

வேளாங்கண்ணியிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த ஊர் வரலாற்றைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், ஆனால் கதையில் யார் முதலில் வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறோமா? நாகப்பட்டினத்தில் இருந்த முதலாளி வீட்டுக்குப் பால் கொண்டுபோன பையன் வருகிறான். வெயில் தாங்காமல் குளத்தங்கரை ஆலமரத்தடியில் படுத்துத் தூங்குகிறான். கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து பால் கேட்கிறாள், கொடுக்கிறான். பால் குறைந்துவிட்டதே என்று பயந்துகொண்டே முதலாளி முன்னால் பானையைத் திறந்தால் பால் பொங்கி வழிகிறது. அந்தப் பையனும் இந்து, அவன் முதலாளியும் இந்து. அப்புறம் நடுத்திட்டு என்கிற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையன் வருகிறான். புயலில் தப்பித்து செப்டம்பர் 8ஆம் தேதி கரையேறிய போர்ச்சுகீசிய மாலுமிகள் எல்லாம் இதற்கும் பிறகுதான் வருகிறார்கள். வழிவழியாக நாமே சொல்லி வருகிற வரலாறு இது. மாதா முதலில் போய்த் தாகத்துக்குப் பால் கேட்டது ஞானஸ்நானம் பெறாத ஒரு பிள்ளையிடம். அந்தப் பிள்ளையின் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் இன்றைக்கு அந்தக் கோவிலுக்கு வந்தால், அவர்களை விருந்தாளி என்று சொல்வதுகூடச் சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 29ஆம் தேதி அங்கே கொடியேறினால் செப்டம்பர் 8 வரைக்கும் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவி உடுத்தி, சின்னச் சப்பரம் இழுத்துக்கொண்டு நடந்து வருகிறவர்கள். மொட்டை போட்டுக் கடலில் குளிப்பவர்கள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுபவர்கள். தென்னங்கன்று வாங்கிக் காணிக்கை கொடுப்பவர்கள். சுடுமணலில் முழங்காலால் நடக்கிறவர்கள். அந்தக் கூட்டத்தில் யார் கத்தோலிக்கர், யார் இந்து என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நம்முடைய ஜெபமாலை அவர்கள் கழுத்தில் கிடக்கிறது, அவர்களுடைய மொட்டையும் சந்தனமும் நம் தலையில் இருக்கிறது.

இதெல்லாம் கலப்படம், ரோமாபுரிக்குத் தெரிந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1962இல் அந்தக் கோவிலைப் பசிலிக்கா என்கிற சிறப்புப் பேராலயமாக உயர்த்தியவர் திருத்தந்தை 23ஆம் யோவான். 2024 ஆகஸ்டில், திருவிழாக் கொடி ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், வத்திக்கானிலிருந்து விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் தஞ்சை ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே வருகிற கிறிஸ்தவர் அல்லாத மக்களைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார். அவர்களும் மாதாவிடம் ஆறுதல் காண்கிறார்கள், இதைச் சமயக் கலப்பு என்று எண்ண வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கோட்பாட்டைக் காவல் காக்கிற துறை சொன்னது இது. எதிலும் தளர்ந்துபோவார்கள் என்று யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, வேண்டுதலுக்குத்தானே வருகிறார்கள் என்ற குறைக்கு வருவோம். நாம் எதற்கு வருகிறோம்? மகளுக்கு மாப்பிள்ளை அமைய, மகனுக்கு விசா கிடைக்க, ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வர ஒன்பது நாள் ஜெபமான நவநாள் வைக்கிறோம். லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒருவன், அவன் சமாரியன். வேண்டுதல் நிறைவேறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து மொட்டை போடுகிறாளே ஓர் அம்மா, அவள் திரும்பி வந்த அந்த ஒருவன். அவளிடம் போய் "உனக்கு விசுவாசப் பிரமாணம் தெரியுமா?" என்று கேட்க எனக்கு மனசு வராது.

இராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரைப் பாருங்கள். லிஸ்பனில் பிறந்து மறவர் சீமையில் நற்செய்தி சொன்ன புனித அருளானந்தரை, சேதுபதி மன்னரின் ஆட்சியில் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கேதான் தலையை வெட்டினார்கள். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் இரத்தம் விழுந்து மண் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்தச் செம்மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்களில் சுற்று வட்டாரத்து இந்துக்கள் ஏராளம். அவரைக் கொன்ற அதே சீமையின் மக்கள்தான், முந்நூறு வருஷம் கழித்துத் தங்கள் பிள்ளையின் நெற்றியில் அந்த மண்ணைப் பூசுகிறார்கள்.

மண்ணை எடுத்துப் போவதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்பவர்கள் பழைய ஏற்பாட்டில் நாமான் கதையை மறுபடி படிக்க வேண்டும். அரசர்கள் இரண்டாம் நூல், ஐந்தாம் அதிகாரம். சிரியா நாட்டுப் படைத்தளபதி. யோர்தானில் ஏழு தடவை மூழ்கித் தொழுநோய் நீங்கியதும் இறைவாக்கினர் எலிசாவிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவுக்கு இந்த நாட்டு மண் வேண்டும் என்று கேட்கிறார். அதோடு இன்னொன்றும் கேட்கிறார். "என் அரசர் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டுதான் போவார். அவர் குனியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும். ஆண்டவர் இதை மன்னிப்பாரா?" ஊருக்குத் திரும்பினால் தனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரு ராஜா இருக்கிறார், ஒரு கோவில் இருக்கிறது என்று அந்த மனுஷன் ஒளிக்காமல் சொல்கிறார். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. நிபந்தனை போடவில்லை. சமாதானமாகப் போய் வா என்று அனுப்பி வைக்கிறார். நம் மாதா குகைக் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் மாரியம்மனுக்கும் விளக்கேற்றுகிற பெண்ணிடம் எலிசா பேசியிருந்தால் வேறு எப்படிப் பேசியிருப்பார்?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நற்கருணை.

பூசையில் ஆண்டவரின் உடலாக நாம் வாங்குகிற அப்பம் அது. ஞானஸ்நானம் பெறாதவர் அதை வாங்க முடியாது. திருச்சபைச் சட்டம் 842 இதைத் தெளிவாகச் சொல்கிறது, அதை மாற்றுகிற அதிகாரம் நமக்கு இல்லை. ஆதித் திருச்சபை இன்னும் கண்டிப்பாக இருந்தது. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களைக்கூட மறையுரை முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கீழைச் சபைகள் சிலவற்றின் வழிபாட்டில் கதவைக் காக்கச் சொல்லி "கதவுகள், கதவுகள்!" என்று சொல்கிற பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். இன்றைக்கு நாம் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. வரிசை மட்டும்தான் பிரிகிறது. அந்த வரிசைக்கு வெளியே நிற்பது கேவலமும் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கனமான பாவத்தோடு இருக்கிற கத்தோலிக்கரும் எழுந்து போகாமல் பெஞ்சிலேயேதான் இருக்க வேண்டும். ஆக இந்தக் கோடு சமயம் பார்த்துப் போட்ட தீண்டாமைக் கோடு அல்ல.

சட்டம் சரிதான். அதை நாம் சொல்கிற விதத்தைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். ஒரு திருத்தலத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நற்கருணை வரிசையில் ஓர் இளம் அம்மா. இடுப்பில் குழந்தை, குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. எல்லோரும் போகிறார்களே, பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறாள். சாமியாருக்கு முன்னால் கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற தொண்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நீங்க கிறிஸ்டியனா?" என்று மைக்கில் கேட்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. புடவைத் தலைப்பால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு, பூசை முடிவதற்குள்ளேயே வெளியே போய்விட்டாள். அதே வரிசையில் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இன்னொரு குடும்பம் வந்தது. இந்தத் தடவை சாமியார் முந்திக்கொண்டார். நற்கருணைப் பாத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் குழந்தையின் தலையில் வைத்து ஆசீர்வதித்தார். அந்தக் குடும்பம் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனது. இரண்டு இடத்திலும் நற்கருணை கொடுக்கப்படவில்லை. சட்டம் இரண்டு இடத்திலும் காப்பாற்றப்பட்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் நாம் எல்லோரும் ஒரு ஜெபம் சொல்கிறோம். ஆண்டவரே நீர் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொன்னால் போதும், குணமாகும் என்று நெஞ்சுருகச் சொல்கிறோமே, அது யாருடைய வார்த்தை? பேதுருவுடையது அல்ல, யோவானுடையது அல்ல. கப்பர்நாகுமில் வேலைக்காரனுக்குச் சுகம் கேட்டு வந்த நூற்றுவர் தலைவருடையது. ரோமைப் படை அதிகாரி, யூதர் அல்லாதவர், இயேசுவின் சீடரும் அல்ல. வேண்டுதலுக்கு வந்தவர்! இஸ்ரயேலில்கூட இப்படிப்பட்ட விசுவாசத்தைக் கண்டதில்லை என்று ஆண்டவரே வியந்தார். திருப்பலியின் மிக நெருக்கமான நேரத்துக்கு வார்த்தை தேடிய திருச்சபை, ஒரு வெளியாளின் வாயிலிருந்து அதை எடுத்திருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லி முடித்த வாயால், அடுத்த நிமிஷம் இன்னொரு வெளியாளைப் பார்த்து "நீங்க கிறிஸ்டியனா?" என்று எப்படி அதட்டுவது?

இதுவரைக்கும் வேறு சாமி கும்பிடுகிறவர்களைச் சொன்னேன். சாமியே இல்லை என்பவர்களும் நம் வழிபாட்டுக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறார்கள், அடக்கத்துக்கு வருகிறார்கள், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் நண்பனின் கல்லறைக்குப் பூவோடு வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சாவு. இறந்தவரோடு மில்லில் ஒன்றாக வேலை பார்த்த கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கோவிலில் எல்லோரும் முழங்காலிட்டபோது கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிலுவை அடையாளம் போடவில்லை. குழியில் ஒரு பிடி மண் போட்டார், கண் கலங்கினார். "சாமி இல்லைங்கிறவருக்கு இங்க என்ன வேலை?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நம் மறைக்கல்வியில் உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு படித்தோமே, அதில் ஒன்று இறந்தோரை அடக்கம் செய்வது. அதை அவர் செய்தார். நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்டிக்கொள்ளாமல், நின்ற இடத்தில் மரியாதையாக நின்றார். வாயால் பாட்டுப் பாடிக்கொண்டு கையால் செல்போன் நோண்டுகிற நம்மில் சிலரைவிட அவர் நின்றதில் பக்தி அதிகம் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் மரியாதை அதிகம் என்று சொல்கிறேன்.

இப்படித் தன் விருப்பத்தில் வருவது வேறு, வரவழைப்பது வேறு. நம் பள்ளிக்கூடங்களில் பிற சமயப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறுகிற எந்தக் கல்வி நிலையத்திலும் சம்மதம் இல்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. திருவிழா நவநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருகிற ஆசிரியர்கள் இதை மனதில் வையுங்கள். கோயர் பாட்டில் ஆசையாய்ப் பாடுகிற இந்துப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். வர மனசில்லாத பிள்ளையை அட்டென்டன்ஸ் காட்டி இழுக்கவும் வேண்டாம்.

அப்புறம், சிலருக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தவுடன் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கை பரபரக்கும். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அழுதுகொண்டிருக்கிற ஒருவரிடம் போய் முகவரி கேட்பது, போன் நம்பர் வாங்குவது, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். கேட்பவர்களுக்கு நம் விசுவாசத்தைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, நான் எங்கேயும் வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் துக்கத்தோடு வந்தவரின் பலவீனத்தில் நம் கணக்கை எழுதக் கூடாது. சாலமோன் அரசர் எருசலேம் கோவிலை அர்ப்பணித்தபோது, தூர நாட்டிலிருந்து ஓர் அந்நியன் வந்து இந்தக் கோவிலை நோக்கி மன்றாடினால் அவன் கேட்பதையெல்லாம் செய்தருளும் என்றுதான் கடவுளிடம் கேட்டார். அவனை யூதனாக்கிய பிறகு செய்தருளும் என்று கேட்கவில்லை.

கடைசியாக வேலை விஷயம். நற்கருணை நேர அறிவிப்பை ஃபாதரோடு பேசி இப்படி எழுதியிருக்கிறோம்: "நற்கருணை பெறத் தயாராக இருக்கிற கத்தோலிக்கர்கள் நடு வரிசையில் வாருங்கள். ஆசீர் பெற விரும்புகிற மற்ற எல்லோரும் இரண்டு கைகளையும் மார்பின் மேல் வைத்து வலப்பக்க வரிசையில் வாருங்கள், குருவானவர் உங்களை ஆசீர்வதிப்பார்." இது பூசைக்கு முன்னால் ஒரு தடவை, நற்கருணைக்கு முன்னால் ஒரு தடவை, மெதுவாக வாசிக்கப்படும். வலப்பக்க வரிசையில் நிற்க விவரம் தெரிந்த பெண் தொண்டர்கள் வேண்டும். தவறி யாராவது நடு வரிசையில் வந்துவிட்டால் கையைப் பிடிக்காமல், "வாங்கம்மா, இந்தப் பக்கம் வாங்க, ஃபாதர் மந்திரிச்சு விடுவார்" என்று கூட்டிப் போக வேண்டும். மொட்டை போடுகிற இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழந்தைகளுக்கு நிழலும் இன்னும் ஏற்பாடாகவில்லை. யார் யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். நன்றி.