72 மணி நேரமும் நம் கடை மேசையும்

மாவட்ட மருந்து வணிகர் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் மருந்து ஆய்வாளர் அம்மையார் அவர்களே, எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மைய ஆலோசகர்களே, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் மருந்தாளுநர் தோழர்களே, வணக்கம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அதற்குக் காரணமான மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களை நன்றியோடு வணங்கித் தொடங்குகிறேன். ஆணுறை, ஊசி, 72 மணி நேரம் என்று மூன்று செய்திகள் பேச வந்தேன். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற நிலை வந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். அந்த 72 மணி நேரம்தான் இது. வெள்ளம் வருமுன் அணை கோலு என்பார்கள் பெரியவர்கள். அணை கோலும் இடம் நம் கடை மேசை.

ஆணுறைப் பெட்டியை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். சூட்டில் லேடெக்ஸ் நைந்துபோகும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் பட்டால் சீக்கிரம் கிழியும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல்தான் சரி. சொல்லிக் கொடுங்கள்.

இப்போது ஒரு காட்சி. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஓர் இளைஞருக்கு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை கடைக்கு வருகிறார். முன்னால் நாலு பேர். ஓரமாக நிற்கிறார். பக்கத்து வீட்டு அத்தை வந்துவிடுகிறார். இளைஞர் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மாலையில் மறுபடி வந்து, "அண்ணே, நல்ல ஆன்டிபயாட்டிக் ஒண்ணு கொடுங்க" என்கிறார். நாமும் கொடுத்தனுப்பினால்? வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடக்கூடச் செய்யாது. அவருக்குக் கெடு செவ்வாய் இரவு 11 மணி!

"எதுக்குத் தம்பி?" என்று தனியே அழைத்துக் கேட்டால் போதும். உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ அனுப்பலாம். அங்கே எழுதித் தரும் தடுப்பு மருந்து இது: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, 28 நாள். மருத்துவர் சீட்டில்லாமல் நாம் கொடுக்க முடியாது. ஆனால் சீட்டோடு வருபவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய. குமட்டுகிறது என்று பாதியில் நிறுத்துவார்கள், விடாதீர்கள். வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து கேட்டால், மாத்திரை போட்ட 2 மணி நேரம் கழித்துத்தான் அது. முதலிலேயே குடித்துவிட்டால், மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லையேல் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராது. வெள்ளம் வருமுன் கோலும் அணையில் இப்படித்தான் ஓட்டை விழுகிறது.

தோழர்களே, அந்தத் தம்பியைத் துரத்தியது நோய் அல்ல, நம் மேசையின் அமைப்பு. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். நாமோ எல்லார் காதிலும் விழும்படி "என்ன வேணும்?" என்கிறோம். மேசையின் ஒரு முனையில் ஒரு தட்டி, இரண்டு ஆள் நிற்க இடம். இவ்வளவுதான் கேட்கிறேன். தலைவர் அவர்கள் இன்றே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். அம்மையார் அவர்களும் கடைகளுக்கு வரும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நேரமாகிவிட்டது, ஊசியைப் பற்றி விரிக்க முடியவில்லை. அந்தத் தட்டியின் மேல் எழுத வேண்டியதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: "இங்கே தனியாகப் பேசலாம். 72 மணி நேரத்துக்குள் வாருங்கள். இலவச உதவி எண் 1097."