ஒரே குழாய், மூன்று புகார்

எல்லோருக்கும் வணக்கம். வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கட்டடத்தின் பொதுப் பழுதுகளைச் சரிசெய்ய வைப்பது எப்படி என்று பேச வந்திருக்கிறேன்.

நான் முன்பு வாடகைக்கு இருந்த கட்டடத்தில் 4 மாடி, 12 குடும்பங்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்த விளக்கு 5 மாதம் எரியவில்லை. எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் ஏறி இறங்கினோம். மூன்றாம் மாடியில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஒரு நாள் மாலை படி தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் போனபோதுதான் நாங்கள் எல்லோரும் முதல்முறையாக ஒரே அறையில் நின்றோம். எங்களில் 7 பேர் ஏற்கெனவே வீட்டு ஓனரிடம் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியிருந்தோம் என்பது அங்கேதான் தெரிந்தது. 7 பேருக்கும் கிடைத்த பதில் ஒன்றே: "வேற யாரும் சொல்லலையே."

அந்தப் பதிலை நாங்கள் நம்பினோம் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அம்மா விழுந்திருக்க மாட்டார்.

மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர்க் குழாய், லிஃப்ட் எல்லாமே எல்லோருக்கும் பொது. பொது என்பதாலேயே "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறோம். மீறிச் சொல்கிறவர் வாய்வழியாகச் சொல்கிறார், அது கிணற்றில் போட்ட கல்லாகிவிடுகிறது. இரண்டாவது முறை சொன்னால் "எப்பப் பார்த்தாலும் குறை சொல்ற ஆள்" என்ற பெயர் வந்துவிடுகிறது.

சரி, எங்கே தொடங்குவது? சங்கம், தலைவர், செயலாளர் என்று தொடங்காதீர்கள். முதல் நாளே பதவி வந்தால் ஆளாளுக்கு நாட்டாமை ஆகிவிடும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பேராக, கதவு கதவாகப் போங்கள். "உங்களுக்கு ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்காதீர்கள். புகார் என்றதும் மனிதர்கள் பின்வாங்குவார்கள். "உங்கள் வீட்டில் எந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது? எந்தக் குழாய் சொட்டுகிறது? எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

நாங்கள் அப்படிப் போனபோது தரைத்தளத்து வீட்டில் குளியலறைச் சுவர் ஊறிச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே உள்ள வீட்டில் எந்நேரமும் நாற்றம். அதற்கும் மேல் வீட்டில் தண்ணீர் வடியவே பத்து நிமிடம் ஆனது. கீழே இருந்தவர் இரண்டு முறை சொந்தச் செலவில் பெயின்ட் அடித்திருந்தார். நடுவில் இருந்தவர் தினமும் ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே இருந்தவர் அடைப்பு நீக்கும் மருந்து வாங்கி வாங்கிக் களைத்துப்போயிருந்தார். மூன்றையும் நோட்டில் மாடி வரிசைப்படி எழுதினோம். எழுதி முடித்ததும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. சுவருக்குள் இறங்கும் ஒரே கழிவுநீர்க் குழாய்; தரைத்தளத்துக்கு மேலே ஒரு இணைப்பில் விரிசலும் அடைப்பும். தனியாக இருந்தவரை அது மூன்று வீடுகளின் மூன்று சங்கடம். சேர்த்துப் பார்த்ததும் கட்டடத்தின் ஒரு பழுது.

ஒன்றுசேர்ந்தால் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தப் பார்வைதான். ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு கட்டடத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம் கடிதம். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். பட்டியல் போட்டால், அதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்பார்கள். எங்கே பழுது, எப்போதிலிருந்து, யார் யார் வீட்டில் பாதிப்பு, எந்தத் தேதிக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதித் தேதியிட்ட படங்களைச் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். வாட்ஸ்அப் குழு கூப்பிட்டுப் பேச நல்லது. ஆனால் மூன்று மாதம் கழித்து அதில் எதையும் தேடி எடுப்பது பெரும்பாடு; காலை வணக்கத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும். வாடகை உயர்வு பற்றிய கோபத்தை இந்தக் கடிதத்தில் கலக்கவே வேண்டாம்.

கையெழுத்து என்றதும் ஒரு பயம் வரும். முதலில் போடுகிறவரைத்தானே காலி செய்யச் சொல்வார்கள்? நியாயமான பயம். யாரையும் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கும் இதே பயம் இருந்தது. முறையிட்டவர்களில் முதல் பெயர் யாருடையது என்று பார்த்துத் தண்டிப்பார்கள் என்று, அவர்கள் மனுவைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். வட்டத்தில் முதல் ஆள் ஏது? நீங்களும் அப்படிப் போடலாம். ஓனரைப் பார்க்கப் போகும்போதும் ஒருவர் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போங்கள், ஒவ்வொரு முறையும் ஒருவரையாவது மாற்றுங்கள்.

ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். பல கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஓனர் இருப்பார். பொதுப் பராமரிப்பை ஓனர்களின் சங்கம் பார்க்கும். அந்தச் சங்கம் வாடகைக்கு இருப்பவர் சொல்வதைப் பெரும்பாலும் காதில் வாங்காது. கூட்டத்தில் உங்களுக்கு ஓட்டு இருக்காது. அங்கே செய்ய வேண்டியது வேறு: ஒரே கடிதத்தை, ஒரே நாளில், அவரவர் ஓனருக்கு அவரவர் அனுப்புங்கள். நகல் சங்கத்துக்கு. ஒரே விஷயம் எட்டுப் பத்து ஓனர்கள் வழியாகப் போகும்போது அது கூட்டத்தில் பேசப்படாமல் இருக்க முடியாது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகிறதென்றால், அது எதற்குச் செலவாகிறது என்று கணக்குக் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஓனரை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு எது நஷ்டம் என்று சொல்லுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர். அந்த ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். மேற்கூரையில் பூச்சு பெயர்ந்து விழுவது பலமுறை இப்படித்தான். இன்று ஒரு இணைப்பை மாற்றினால் போதும். சில வருடம் கழித்தால் கூரையையே தொட வேண்டும். இதைப் புரியவைத்ததும் எங்கள் ஓனரின் குரலே மாறியது.

வேலை நடக்கும்போது உங்களில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

எதற்குமே அசையாத ஓனரும் உண்டு. அப்போது உள்ளாட்சி அலுவலகம், தீயணைப்பு, சுகாதாரத் துறை என்று எழுத்தில் போங்கள். வாடகையை நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாஷிங்டன் நகரத்தில் கிளிஃப்டன் டெரஸ் என்ற குடியிருப்பில் அப்படி நிறுத்தினார்கள். ஓனர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். வீட்டு விதிகள் மீறப்பட்ட ஏறக்குறைய 1,500 இடங்களை நிரூபிக்கத் தயார் என்றார்கள் குடியிருந்தவர்கள். கீழ் நீதிமன்றம் அதைக் கேட்க மறுத்தது. 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டை வாழத் தகுந்ததாக வைத்திருப்பது ஓனரின் கடமை, வாடகை அதோடு கட்டுப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க வாடகைச் சட்டத்தையே திருப்பிப்போட்ட தீர்ப்பு அது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளையே வாடகையை நிறுத்திவிடாதீர்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் வாடகை பாக்கி என்ற ஒரே காரணம் உங்களை வெளியேற்றப் போதும். வக்கீலிடம் கேட்காமல் அந்தப் படியில் கால் வைக்க வேண்டாம்.

முதல் உலகப் போர் நடந்த 1915இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வாடகை உயர்வை எதிர்த்து மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத் தெருவாகத் திரண்டார்கள். காலி செய்யவைக்க ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து வழியை மறிப்பார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்தும் சட்டம் வந்தது. மணி அடித்தால் ஓடிவர, முன்பே ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நாங்கள் ஒரே படிக்கட்டில் 5 மாதம் தடவித் தடவி ஏறியும் தெரியாமல் இருந்தோம்.

கடைசியாக ஒன்று. வாடகைக்கு இருப்பவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். முன்னின்று ஓடியவர் வீடு மாறியதும் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான் அந்த நோட்டு முக்கியம். தொட்டி எப்போது கழுவினார்கள், மோட்டார் எப்போது மாற்றினார்கள், எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். நான் அந்தக் கட்டடத்தை விட்டு வந்த நாளில் நோட்டை அந்த மூன்றாம் மாடி அம்மாவிடம் கொடுத்தேன். கட்டுப்போட்டிருந்த அதே கையால் வாங்கி, தேதி போட்டு, "படி விளக்கு எரிகிறது" என்று எழுதினார்.