ஆயாவின் விரல்களும் என் வெள்ளிக்கிழமை மாத்திரையும்

வணக்கம் மக்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று வெள்ளிக்கிழமை. ராத்திரி மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட வேண்டிய நாள். அதைப் போட்ட மறுநாள் எனக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும், பேசத் தெம்பு இருக்காது. அதனால் பேச வேண்டியதை இப்போதே பேசிவிடுகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்கு இருப்பது முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கும். அப்படியே விட்டால் எலும்பையும் அரிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இதற்கு நான் போடும் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் போடும் மாத்திரை என்று நினைத்துப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கூடவே வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. அவ்வப்போது ரத்தம் கொடுத்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரி, வகுப்பு முடிந்தது.

இன்று பேச வந்தது எங்கள் ஆயாவைப் பற்றி. அப்பாவின் அம்மா.

ஆயாவின் வலது கையில் நாலு விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கணுக்கள் புடைத்திருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த கை, அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. ஆயா என்றால் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் ஆயா அடுப்படியை விட்டு நகராது. வடித்த கஞ்சியைக் குண்டானில் ஊற்றி, சூடு பொறுக்கிற அளவு ஆறியதும் இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டீ டம்ளரை விரலால் பிடிக்காது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கும். மத்தியானத்துக்கு மேல்தான் எனக்குத் தலை பின்னிவிடும். பள்ளிக்கூடத்துக்கு அம்மா அள்ளி முடித்துவிட்டதோடுதான் போவேன்.

மார்கழியில் எங்கள் தெருவில் விடிவதற்குள் எல்லா வாசலிலும் கோலம் விழுந்துவிடும். எங்கள் வாசலில் மட்டும் அத்தை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இழுத்த நாலு கோடு இருக்கும். 'மாமியார்க்காரி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கோலம் போட வணங்கவில்லை' என்று எதிர்வீட்டில் பேசினார்கள். எங்கள் வீட்டிலும்தான் பேசினார்கள். கோலமாவு எடுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். இந்த நோயில் காலையில்தான் விரல் விறைத்துக் கிடக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும் இளக. மத்தியானம் அதே கை ஓரளவு வேலை செய்யும். அதைப் பார்ப்பவர்களுக்குக் காலையில் சும்மா உட்கார்ந்திருந்தது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். எனக்கும் இது வந்த பிறகுதான் ஆயாவின் காலை நேரம் புரிந்தது.

ஆயாவுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் இதே நோய்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் அதற்குப் பெயர் வாய்வு. வாய்வுக்குக் காரணம் பலாப்பழம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆயாவுக்குப் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் பலாத்தோப்பு. சீசனில் மாமா வீட்டிலிருந்து பழம் வந்து இறங்கும். ஆயா கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, அந்த வளைந்த விரலாலேயே சுளை சுளையாக எடுத்து எங்களுக்குக் கொடுக்கும். தான் ஒன்றுகூட வாயில் போடாது. கொட்டையை மட்டும் சுட்டுத் தின்னும், அதையும் யாரும் பார்க்காதபோது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததே, அதில் அந்தத் தோப்பில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது. ஆயா அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். முடக்குவாதம் பலாப்பழத்தால் வருவதில்லை மக்களே. அத்தனை வருஷம் அந்த மனுஷிக்கு ஒரு சுளை கிடைக்கவில்லை என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

இன்னொன்று. இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கொடுத்தது 1988-இல். நான் பிறப்பதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத்தான் வரவில்லை. எனக்கும் முதலில் பார்த்த ஒரு மருத்துவர், வயசுப் பிள்ளைக்கு என்ன மூட்டுவலி என்று வலி ஊசி போட்டே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

போன மாதம் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், மணல் முழுக்கக் கடை, எங்கே பார்த்தாலும் சுருளிக் கிழங்குக் குவியல். சின்ன வயதில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவேன். இந்த முறை அம்மாவோடு போய் வாங்கி வந்து வேகவைத்தேன். தோல் உரிக்க உட்கார்ந்தால் நகம் பிடிக்கவில்லை. இரண்டு கிழங்கு கை நழுவிக் கீழே உருண்டது. ஒரு பழைய துண்டை எடுத்து, கிழங்கை அதில் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி உருட்டினேன். தோல் துண்டோடு வந்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, 'உங்க ஆயா இப்படித்தான் பண்ணும்' என்றது. ஆயாவிடம் நான் கற்றுக்கொண்டதில்லை, எனக்கு அது ஞாபகத்திலும் இல்லை. விரல் உதவாத கைக்கு வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

'சீக்கிரம் எழுந்து நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, அதற்கு அடுத்த நாளிலிருந்து காலையில் எனக்கு வெந்நீர் போட்டு வைக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எதைப் பற்றியும் அப்படிப் பேசிக்கொள்வது கிடையாது, கேமரா முன்னால் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆயாவைப் பற்றிக் கேட்கத்தான் போன வாரம் அத்தைக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில், 'எனக்கும் இப்போ காலையில் வளையல் போட வரலடி, கை வீங்கிக்கிடக்கு, வயசாகுது இல்ல' என்றது. இது பரம்பரையாக அப்படியே இறங்கும் நோய் இல்லை. ஆனால் குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும். அடுத்த வாரம் பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் வர மாட்டேன் என்றது, எண்ணெய் தேய்த்தால் போதும் என்றது. கடைசியில் ஒத்துக்கொண்டது. கோரிமேட்டிலிருந்து திரும்பும்போது பாண்டியில் பிரியாணி வாங்கித் தர வேண்டுமாம், அதுவும் மட்டன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் அத்தைக்குத்தானாம். அத்தனைக்கும் சரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.